குழந்தைக்குச் சடை பின்னும்போது வரும் கோளாறுகள்: கண்ணில் படுவதிலிருந்து தொடங்குங்கள்

பெரியவர் தலையில் நன்றாகப் பழகிய கைகூடக் குழந்தையின் தலையில் தடுமாறும். இழை மெல்லியது, வழுக்கும். பிடரியில் சீக்கிரம் சிக்கு விழும். தலையோ ஒரு நிமிடம் ஒரே இடத்தில் நிற்காது. கீழே ஒவ்வொரு கோளாறும் வெளியே தெரிகிறபடியே தலைப்பாக இருக்கிறது. உங்களுக்கு நேர்வது எதுவோ அங்கே நேராகப் போகலாம். கையை மாற்றினாலே சரியாகிற காரணங்களை முதலில் சொல்லியிருக்கிறோம். பொருளை மாற்ற வேண்டியவை அடுத்தவை. முடி திருத்துபவரிடமோ மருத்துவரிடமோ போக வேண்டியவை கடைசி.

கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை: அகலப்பல் சீப்பு, வகிடு எடுக்க வால் சீப்பு, தண்ணீர் தெளிக்கும் புட்டி, துணி சுற்றிய ரப்பர் பேண்ட் நான்கு, பெரிய கிளிப் இரண்டு, முனை மழுங்கிய சிறு கத்தரி. குழந்தை உட்காரும்போது அதன் உச்சந்தலை உங்கள் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். அதைவிட மேலே இருந்தால் உங்கள் தோள் வலிக்கும், தோள் வலித்தால் பிடி தளரும். கால் தொங்காமல் தரையிலோ பலகையிலோ ஊன்றியிருந்தால் குழந்தை பாதி அசைவை நிறுத்திவிடும்.

முடியை மூன்று பங்காகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் ஒரு கால். மூன்று கால் பின்னலின் வேலை இவ்வளவுதான்: வலது புறக்காலை நடுக்காலின் மேலே போடுங்கள், இப்போது அதுதான் நடுக்கால். அடுத்து இடது புறக்காலை நடுக்காலின் மேலே போடுங்கள். மாறி மாறி இதே வேலை. ஒரு காலை ஒருமுறை நடுவில் போடுவது ஒரு மாற்று. இனி வருவதெல்லாம் இதில் எங்கே பிசகுகிறது என்பதுதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தளர்ந்த பின்னலை 5 நிமிடத்தில் திரும்பப் பின்னலாம். இறுகிய பின்னல் முடியின் வேரைக் கெடுக்கும். இரண்டில் எது வரும் என்று சந்தேகமாக இருந்தால் தளர்வின் பக்கமே நில்லுங்கள்.

பின்னல் சீக்கிரமே அவிழ்ந்துவிடுகிறது

முதலில் எங்கிருந்து அவிழ்கிறது என்று பாருங்கள்.

*நுனியிலிருந்து அவிழ்ந்தால்* கோளாறு ரப்பர் பேண்டிலும் அதைக் கட்டிய இடத்திலும் இருக்கிறது. பின்னல் பென்சிலைவிட மெலிந்த இடத்தில் கட்டினால் எந்த பேண்டும் வழுக்கி இறங்கும். மெலிவதற்கு முன்பே நிறுத்தி, மீதி 4 அல்லது 5 செ.மீ. முடியைப் பின்னாமல் தொங்க விடுங்கள். அதற்குப் பிறகும் வழுக்கினால் பேண்டை இரு விரலில் இழுத்து விட்டுப் பாருங்கள். பழைய அளவுக்குச் சுருங்காவிட்டால் அது தூக்கிப் போட வேண்டியது. எண்ணெய் தடவிய தலையில் ரப்பர் சீக்கிரம் ஊறி நெகிழும். அதனால் எண்ணெய் வைத்த நாளில் கட்டும் இடத்தை மட்டும் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுக் கட்டுங்கள்.

*மேலே, தொடக்கத்திலேயே தளர்ந்தால்* முதல் மூன்று மாற்றுகள் சரியாக விழவில்லை என்று பொருள். மூன்று காலையும் பிரித்து முதல் மாற்றைப் போடும் அந்த நொடியில் கைகள் புதுப் பிடிக்கு மாறுகின்றன, அப்போதுதான் பிடி விடுபடுகிறது. பழகும்வரை முடியை முதலில் ஒரு பேண்டில் குதிரைவாலாகக் கட்டிவிட்டு அதிலிருந்து பின்னுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓடியாடும் குழந்தைக்கு எப்போதுமே இப்படிப் பின்னுவதுதான் நல்லது.

*நீளம் முழுக்கத் தொளதொளவென்று இருந்தால்* ஒவ்வொரு மாற்றுக்குப் பிறகும் இரண்டு புறக்கால்களையும் மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்து, இடைவெளி மூடிய பின் அடுத்ததைப் போடுங்கள். கீழ்நோக்கி இழுப்பதால் பின்னல் நெருங்காது, பக்கவாட்டில் இழுத்தால்தான் நெருங்கும். அன்றைக்கே குளித்துக் காயவைத்த முடி என்றால் வழுக்கல் கூடுதலாக இருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீர் தெளித்து, கையால் நீவிவிட்டுப் பின்னுங்கள். ஈரப்பதம் போதும். சொட்டச் சொட்ட நனைந்த முடியைப் பின்னக் கூடாது. நனைந்த முடி அதிகமாக நீளும், காயும்போது சுருங்கி வேரைப் பிடித்து இழுக்கும், உள்ளே ஈரம் தங்கி நாறும்.

*எதுவும் பலிக்கவில்லையென்றால்* நீளம் போதவில்லை. ஒரு சாண்கூட வளராத முடியில் மூன்று கால் பின்னல் நிற்பது கடினம். அதுவரை இரண்டு கால் முறுக்குப் பின்னல் போடலாம்: இரண்டு காலையும் தனித்தனியே வலப்பக்கமாக முறுக்கி, ஒன்றோடொன்றை இடப்பக்கமாகச் சுற்றுங்கள். முறுக்குவதும் சுற்றுவதும் ஒரே திசையானால் கையை எடுத்த நொடியே பிரிந்துவிடும்.

பிடரியில் பை போல உப்பிக்கொண்டு நிற்கிறது

புதிதாகப் பின்னுகிறவர்கள் அதிகம் திணறுவது இதில்தான். மேலே வழவழவென்று படிந்திருக்கும், கழுத்துக்கு மேலே மட்டும் முடி தொங்கலாக உப்பியிருக்கும். காரணம் பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை, குழந்தையின் கழுத்தில் இருக்கிறது.

சோதனை எளிது. குழந்தையைக் குனிந்து தன் மடியைப் பார்க்கச் சொல்லுங்கள். உப்பல் மறைகிறதா? பிறகு நிமிரச் சொல்லுங்கள். திரும்ப வருகிறதா? அப்படியானால் குழந்தை குனிந்திருந்தபோது பின்னியிருக்கிறீர்கள். குனியும்போது பிடரித் தோல் விரிந்து, முடியும் இழுபட்டு நிற்கும். நிமிர்ந்ததும் தோல் சுருங்க, மிச்ச நீளம் அத்தனையும் அங்கே தொங்கும். மடியில் புத்தகமோ பொம்மையோ கொடுத்து உட்கார வைத்தால் இது நடந்தே தீரும். அதைக் கண்ணுக்கு நேர் உயரத்தில் ஒரு மேசைமேல் வையுங்கள். முடியைச் சேர்த்துப் பிடிக்கும் நேரத்தில் மட்டும் முகவாயைச் சற்றே தூக்கச் சொல்லுங்கள். 10 நொடி போதும்.

குனிந்தாலும் உப்பல் மறையாவிட்டால் அடிப்பக்க முடி சீவப்படாமல் சேர்ந்திருக்கிறது. மேலே நன்றாகச் சீவுகிறோம், கீழே சீப்பு போவதில்லை. சேர்த்த முடியை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, பிடரியிலிருந்து மேல்நோக்கி நாலைந்து முறை சீவி, அதையும் பிடிக்குள் கொண்டுவாருங்கள்.

மூன்றாவது காரணம் இழுக்கும் திசை. பின்னால் உட்கார்ந்து பின்னலை உங்களை நோக்கி நேராக இழுத்துப் பின்னினால், விட்டதும் அது கீழே மடங்கித் தொங்கும், மடங்குகிற இடத்தில் தளர்வு விழும். சடை கடைசியில் எந்தத் திசையில் தொங்கப் போகிறதோ அதே திசையில் பிடித்துப் பின்னுங்கள். தாழ்ந்த சடை என்றால் உங்கள் விரல் முட்டிகள் குழந்தையின் முதுகில் உரச வேண்டும்.

நேரமில்லை, அவிழ்க்க முடியாது என்றால்: அடியில் பேண்ட் போட்டுத் தொடங்கிய பின்னலாக இருந்தால், பேண்டுக்குக் கீழே முடியை இரண்டு பாதியாகப் பிடித்து மெல்லப் பக்கவாட்டில் இழுங்கள். பேண்ட் மேலேறி உப்பல் குறையும். பேண்ட் இல்லாத பின்னலுக்கு இது உதவாது.

சடைக்கே எட்டாத பிடரிக் குறுமுடி கோளாறில் சேராது. அதை விட்டுவிடுங்கள்.

சடை முறுக்கிக்கொள்கிறது, ஒரு பக்கமாகத் திரும்பிவிடுகிறது

பாதி பின்னியதும் நிறுத்தி, மூன்று காலையும் ஒரே கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாகச் சுழன்றால் கால்களுக்குள் முறுக்கு ஏறியிருக்கிறது. விரலில் கால் மாறும்போது ஒவ்வொரு தடவையும் அரை முறுக்கு சேரும், 10 மாற்றில் அது கணிசமாகிவிடும். 4 மாற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு காலையும் விரல்களுக்கிடையில் மேலிருந்து கீழே உருவிவிட்டால் முறுக்கு நுனி வழியே இறங்கிவிடும்.

சுழலாமல் சாய்ந்து மட்டும் நின்றால் மூன்று காலின் பருமனைப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடத் தடியாக இருந்தால் பின்னல் அதன் பக்கம் வளையும். நடுவில் முடியைக் கடன் வாங்கிச் சமன்செய்யப் பார்க்காதீர்கள், குறுக்கே ஓடும் இழைகள் பின்னலை இன்னும் கெடுக்கும். அவிழ்த்துத் திரும்பப் பிரிப்பதே மேல்.

பருமனும் சமம் என்றால் உங்கள் வலுவான கை அதிகம் இழுக்கிறது, அல்லது நீங்கள் குழந்தைக்கு நேர் பின்னால் இல்லை. உங்கள் மூக்கும் குழந்தையின் முதுகுத்தண்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

பாதியில் விட்டுவிட்டேன், அடுத்தது எந்தக் கால்?

குழந்தை எழுந்து ஓடிவிட்டது, அல்லது அடுப்பைப் பார்க்கப் போய்விட்டீர்கள். திரும்ப வந்ததும் ஊகித்துப் போட்டால் ஒரே பக்கக் கால் இரண்டு முறை விழுந்து, அந்த இடத்தில் முடிச்சு போலத் தெரியும்.

பின்னலின் அடியை உற்றுப் பாருங்கள். இரண்டு புறக்கால்களில் ஒன்று கொஞ்சம் உயரத்திலிருந்தே வெளியே வந்திருக்கும். மற்றொன்று நடுக்காலுக்கு அடியிலிருந்து, அதைவிடக் கீழே வெளிப்படும். உயரத்திலிருந்து வருவதுதான் அதிக நேரம் வெளியே காத்திருந்த கால், அடுத்து அதைத்தான் நடுவில் போட வேண்டும். ஒருமுறை கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால் பிறகு எண்ணவே வேண்டாம். எழுந்து போகுமுன் அந்தக் காலில் ஒரு கிளிப் மாட்டிவிட்டுப் போவது இன்னும் சுலபம்.

வகிடு கோணலாகிறது

நெற்றியில் நேராகத் தொடங்கி உச்சியில் வளைந்தால் சுழியைத் தேடுங்கள். பெரும்பாலான தலைகளில் அது நட்டநடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். சிலருக்கு இரட்டைச் சுழி. சுழிக்குள் வகிட்டை ஓட்டினால் முடி தன் போக்கில் சுற்றி விழுந்து கோட்டை மறைத்துவிடும். சுழியைத் தொடாமல் அதன் ஓரமாக அரை விரற்கடை தள்ளி ஓட்டுங்கள், வெளியே பார்ப்பவர்களுக்கு நேராகவே தெரியும். சுழியோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஒருநாளும் அது வழிக்கு வராது.

சுழி காரணமில்லையென்றால் வால் சீப்பைப் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். வாலின் நுனியைத் தலையில் தொட்டபடி, மூக்கு நேரிலிருந்து பிடரி வரை எடுக்காமல் ஒரே இழுப்பில் கொண்டு போங்கள். விட்டுவிட்டு இழுத்தால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கோணல் விழும். ஈரமான முடியில் கோடு தெளிவாக விழும்.

தினமும் ஒரே கோட்டில் வகிடு எடுக்காதீர்கள். இடையிடையே ஒரு விரற்கடை இடமோ வலமோ மாற்றினால் அந்த வரிசை வேர்கள் ஓய்வு பெறும்.

இரட்டைச் சடையில் ஒன்று மேலே, ஒன்று கீழே

பின்னி முடித்த பிறகு தெரிந்தால் திருத்த வழியில்லை, அதனால் முன்பே சோதியுங்கள். இரு பாதியையும் பேண்டில் கட்டிவிட்டு, குழந்தையின் முன்னால் போய் நின்று பாருங்கள். இரு கட்டும் காதின் எந்த இடத்துக்கு நேராக இருக்கின்றன? இரண்டுமே காது மடலின் அடிக்கு நேராகவோ இரண்டுமே மேல்நுனிக்கு நேராகவோ இருக்கட்டும். இரு ஆள்காட்டி விரலையும் கட்டுகளின் மேல் வைத்துப் பார்த்தால் உயர வித்தியாசம் உடனே புலப்படும்.

ஒரு சடை முன்னே வந்தும் மற்றது பின்னே போயும் இருந்தால், பின்னும்போது நீங்கள் நின்ற இடம்தான் காரணம். வலது சடைக்கு வலது தோளுக்குப் பின்னாலும், இடது சடைக்கு இடது தோளுக்குப் பின்னாலும் நகர்ந்து நில்லுங்கள். நின்ற இடத்திலிருந்து கையை மட்டும் எட்டிப் பின்னினால் தூரத்துச் சடை எப்போதும் கோணலாகும்.

ஒன்று தடியாகவும் மற்றது ஒல்லியாகவும் இருந்தால் பின்பக்க வகிடு பிடரிவரை நேராக இறங்கவில்லை. முன்னால் எவ்வளவு நேராக இருந்தாலும் பின்னால் 1 செ.மீ. நகர்ந்தால் போதும், பருமன் மாறிவிடும்.

உச்சியிலிருந்து சேர்த்துக்கொண்டே பின்னுவதில் மேடு பள்ளம்

பிரெஞ்சு பின்னல் என்று சொல்வது இதைத்தான். மூன்று கால் பின்னலைத் தடுமாறாமல் போட முடிகிறவரை இதில் இறங்காதீர்கள்.

கைகள் தலையிலிருந்து விலகுவதுதான் முதல் காரணம். உங்கள் விரல் முட்டிகள் எப்போதும் குழந்தையின் தலையைத் தொட்டபடி இருக்க வேண்டும். 3 செ.மீ. தூக்கிப் பின்னினால் அந்த 3 செ.மீ. தளர்வாகத் திரும்ப வரும்.

சேர்க்கும் முடியைச் சீவாமல் எடுப்பது இரண்டாவது. ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் எடுங்கள். நெற்றியோர முடிக்கோட்டிலிருந்து பின்னல் வரை நேர்க்கோடாக எடுத்து, சீப்பால் ஒருமுறை இழுத்துவிட்டு, புறக்காலோடு சேர்த்து உடனே நடுவில் போடுங்கள். பின்னல் ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்கத்துக்கு எதிரே எடுக்கும் முடி மெலிந்திருக்கிறது.

காதுக்கு மேலே தொங்கல் விழுந்தால், அங்கே எடுத்த முடியை மேல்நோக்கி இழுத்திருக்கிறீர்கள். காதின் பின்னால் ஒதுக்கி, பிடரி நோக்கி இழுத்துச் சேருங்கள்.

சடையெங்கும் குச்சி குச்சியாக முடி நீட்டிக்கொண்டிருக்கிறது

நீட்டிக்கொண்டிருக்கும் முடியில் ஒன்றை விரலால் நுனிவரை நீவிப் பாருங்கள்.

- நுனி கூர்மையாக மெலிந்து முடிந்தால் அது புதிதாக வளரும் முடி. நெற்றியோரத்தில் இருக்கும். ஒன்றும் செய்ய வேண்டாம், இழுத்து அடக்கவும் வேண்டாம்.
- நுனி மொட்டையாக ஒரே மட்டத்தில் இருந்தால் அடுக்கடுக்காக வெட்டிய முடி. ஈரக் கையால் நீவி, ஒவ்வொரு காலையும் லேசாக ஒரு முறுக்கு முறுக்கிப் போட்டால் நுனிகள் உள்ளே போகும். வெட்டு வளர்ந்து ஒன்று சேரும்வரை முழுதும் அடங்காது. மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.
- நுனி இரண்டாகப் பிளந்தோ நடுவில் ஒடிந்தோ இருந்தால் பின்னலால் மறைக்க முடியாது. முடி திருத்துபவரிடம் நுனியை 1 அல்லது 2 செ.மீ. சமமாக வெட்டச் சொல்லுங்கள். ஒடிவது ஒரே உயரத்தில் வரிசையாக இருந்தால் அந்த உயரத்தில் நீங்கள் போடும் ரப்பர் பேண்டைச் சந்தேகியுங்கள்.

சீப்பு இறங்கவில்லை

உச்சியிலிருந்து சீவத் தொடங்கியிருக்கிறீர்கள். சிக்குகளெல்லாம் கீழே ஒன்று சேர்ந்து உருண்டையாகியிருக்கும். எப்போதும் கடைசி 5 செ.மீ. முதலில், அது விட்டதும் இன்னும் 5 செ.மீ. மேலே, இப்படிப் படிப்படியாக உச்சிக்குப் போங்கள். சிக்குக்கு மேலே முடியை மறு கையால் கொத்தாகப் பற்றிக்கொள்ளுங்கள். இழுவை உங்கள் பிடியோடு நின்றுவிடும், குழந்தையின் தலைக்குப் போகாது. சிக்கெடுக்கும்போது வரும் அழுகையில் பெரும்பகுதி இந்த ஒரு பிடியால் நின்றுவிடும்.

அப்போதும் இறங்கவில்லையென்றால் கண்டிஷனர் 1 தேக்கரண்டியும் தண்ணீர் 10 தேக்கரண்டியும் கலந்து தெளித்து, இரண்டு நிமிடம் விட்டு அகலப்பல் சீப்பால் எடுங்கள். சுருட்டை முடியை உலர்ந்த நிலையில் சீவவே கூடாது. கண்டிஷனர் பூசி, ஈரமாக இருக்கும்போதே நாலு பங்காகப் பிரித்து ஒவ்வொன்றாகச் சிக்கெடுங்கள்.

இறுகித் திரிந்துபோன சிக்கு என்றால் கண்டிஷனரையோ எண்ணெயையோ தாராளமாகத் தடவி 10 நிமிடம் ஊறவிடுங்கள். விளிம்பிலிருந்து விரல்களால் பக்கவாட்டில் பிரித்து வாருங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் குறுக்கே வெட்டாதீர்கள். முடி ஓடும் திசையிலேயே கத்தரியை நிறுத்தி, சிக்கை இரண்டு மூன்று கீற்றாகப் பிளந்தால் பாதிக்கு மேல் முடி தப்பும். சிக்கு தலைத் தோலோடு ஒட்டியிருந்தால் வீட்டில் கத்தரி வேண்டாம், தோல் எங்கே முடிகிறது என்று தெரியாது. முடி திருத்துபவரிடம் போங்கள்.

சூயிங்கம் ஒட்டியிருந்தால் எண்ணெய் தடவித் தேய்த்தால் பசை நெகிழ்ந்துவிடும், வெட்ட வேண்டியதில்லை.

காலையில் தினமும் பிடரியில் சிக்கு வந்தால் தலையணையில் தேய்வதுதான் காரணம். இரவு படுக்குமுன் ஒரு தளர்ந்த சடை போட்டு, மென்மையான துணி பேண்டால் நுனியை மட்டும் கட்டுங்கள். கிளிப், ஊசி எதுவும் தலையில் இருக்கக் கூடாது.

வலிக்கிறது என்கிறது

சீவும்போது வலித்தால் மேலே சொன்ன பிடி. பின்னும்போது வலித்தால் வகிட்டோரத்தில் ஓரிரு இழை மட்டும் இழுபடுகிறதா என்று பாருங்கள். மொத்த முடியின் இழுவையைவிட அந்த இரண்டு இழைதான் சுரீரென்று வலிக்கும். வால் சீப்பின் நுனியால் அதை நெம்பித் தளர்த்தினால் போதும்.

முடித்த பிறகும் வலித்தால் மூன்று சோதனை செய்யுங்கள். குழந்தையைப் புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள், நெற்றி தாராளமாகச் சுருங்க வேண்டும். காதோர முடிக்கு அடியில் உங்கள் சுண்டுவிரல் நுனி நுழைய வேண்டும். மூன்றாவதாக, முடிக்கோட்டை வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு இழையின் அடியிலும் தோல் சிறு கூம்பாக எழும்பி நின்றால் பின்னல் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. மூன்றில் ஒன்று தவறினாலும் அவிழ்த்துவிடுங்கள். "சற்று நேரத்தில் பழகிவிடும்" என்று விடுகிற வழக்கம்தான் கெடுதலின் தொடக்கம். வலி பழகிப்போகலாம், இழுவை அப்படியேதான் இருக்கும்.

சோதனையில் தேறியும் தலைவலி என்றால் சடையின் இடத்தை மாற்றிப் பாருங்கள். உச்சியில் தூக்கிக் கட்டியது அதிகம் இழுக்கும், பிடரியில் தாழக் கட்டியது குறைவாக இழுக்கும். அவிழ்த்த பின் வலி படிப்படியாகக் குறைய வேண்டும். மறுநாளும் நீடித்தாலோ காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்தாலோ சடையால் வந்த வலி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரப்பர் பேண்டை எடுக்கும்போது முடியும் சேர்ந்து வருகிறது

பேண்டை உருவி எடுக்காதீர்கள். சுற்றியபடியே ஒவ்வொரு சுற்றாகப் பிரியுங்கள். துணி சுற்றாத பேண்ட், உலோக இணைப்பு உள்ள பேண்ட் இரண்டையும் குழந்தைத் தலைக்கு வைத்துக்கொள்ளவே வேண்டாம். மிகச் சிறிய கண்ணாடி நிற பேண்டுகள் மட்டும் விலக்கு, அவையும் ஒருமுறைக்கு மட்டுமே. எடுக்கும்போது மழுங்கிய கத்தரியின் நுனியை பேண்டுக்கு அடியில் விட்டு வெட்டுங்கள், அல்லது ஒரு துளி எண்ணெய் விட்டுச் சிறிது நேரம் கழித்து இழுத்தால் தானே அறும். 3 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இந்தச் சிறு பேண்டும் மணிகளும் வேண்டாம். கழன்று வாய்க்குள் போனால் தொண்டையில் அடைக்கும்.

நெற்றியோரமும் காதோரமும் முடி மெலிகிறது

நாளொன்றுக்குத் தலை முழுவதுமாக 50 முதல் 100 முடி உதிர்வது பெரியவர்களுக்கும் இயல்பு. அதனால் சீப்பில் வரும் சில முடிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது இடம். வகிட்டுக் கோடு அகன்றுகொண்டே வந்தாலோ, பின்னல் இழுக்கும் திசையில் முடிக்கோடு பின்வாங்கினாலோ, அங்கே குட்டையான மெல்லிய முடி மட்டும் மிஞ்சியிருந்தாலோ இழுவைதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அன்றே செய்ய வேண்டியது: இறுக்கிப் பின்னுவதையும் தூக்கிக் கட்டுவதையும் நிறுத்துங்கள், கனமான மணிகளையும் சேர்ப்பு முடியையும் கழற்றுங்கள். தளர்ந்த தாழ்ந்த சடை அல்லது விரித்த முடி போதும். ஆரம்பத்திலேயே இழுவையை நிறுத்தினால் முடி திரும்ப வளரும். இழுவை வருடக்கணக்கில் தொடர்ந்தால் வேர் அழிந்து அந்த இடம் நிரந்தரமாக வழுக்கையாகலாம். அதே இடத்தை மாதம் ஒருமுறை, அதே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். 3 மாதத்தில் புதுமுடி தெரியவில்லையென்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். வேரில் சீழ்க் கொப்புளமோ வலியோ இருந்தால் மூன்று மாதம் காத்திருக்காமல் அந்த வாரமே போங்கள்.

பின்னும்போது சொறிந்துகொண்டே இருக்கிறது

சடை பின்னுகிறவரின் கண்ணுக்குத்தான் இது முதலில் தெரியும். காதுக்குப் பின்னும் பிடரியிலும் முடியைப் பிரித்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

*வெள்ளைத் துகள், ஊதினால் பறக்கிறது:* பொடுகு, அல்லது சரியாக அலசாத ஷாம்பு, கண்டிஷனர். அடுத்த முறை நன்றாக அலசுங்கள், ஈரத்தோடு பின்னுவதை விடுங்கள். இரண்டு மூன்று வாரமாகியும் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

*சிறு மணி போல முடியில் ஒட்டியிருக்கிறது, நகத்தால் தள்ளினாலும் நகர மறுக்கிறது:* ஈர், அதாவது பேன் முட்டை. தோலிலிருந்து 1 செ.மீ.க்குள் இருப்பவை உயிருள்ளவையாக இருக்கக்கூடும். கண்டிஷனர் பூசிய ஈரமுடியில் பேன் சீப்பை வேரிலிருந்து நுனிவரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். 3 அல்லது 4 நாளுக்கு ஒருமுறை என்று 2 வாரம் செய்ய வேண்டும். ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால் ஒரே நாள் வேலையில் இது ஓயாது. பேன் மருந்து போட்டாலும் உறையில் சொன்ன வயது வரம்பையும், திரும்பப் போட வேண்டிய நாளையும் பாருங்கள். மண்ணெண்ணெய், பூச்சி மருந்து ஆகியவற்றைக் குழந்தையின் தலைக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள். சீப்புகளைக் கை பொறுக்காத சூட்டு நீரில் 10 நிமிடம் போட்டு வையுங்கள். வீட்டில் எல்லார் தலையையும் அன்றே பாருங்கள். இந்த நாட்களில் முடியை விரித்துவிடாமல் சடையாகவே வைத்திருங்கள், பேன் தாவாது, முடியோடு முடி உரசும்போது ஊர்ந்துதான் போகும்.

*வட்டமான திட்டு, செதில், முடி அடியோடு ஒடிந்து கரும்புள்ளியாக நிற்கிறது:* தலையில் வரும் படர்தாமரையாக இருக்கலாம். கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருந்தால் நாள்தான் போகும். இது முடியின் வேருக்குள் இருப்பதால் மருத்துவர் தரும் உள்மருந்தை வாரக்கணக்கில் சாப்பிட வேண்டும். திட்டு வீங்கி, தொட்டால் கொழகொழவென்று சீழோடு இருந்தால் அன்றே காட்டுங்கள். செதிலே இல்லாமல் நாணயம் போல வழவழப்பாக வழுக்கை விழுந்திருந்தால் அது வேறு கோளாறு, அதையும் தோல் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். மருத்துவர் பார்க்கும்வரை அந்த இடத்தை இழுக்காமல் முடியை விரித்துவிடுங்கள். அந்தக் குழந்தையின் சீப்பு, பேண்ட், துண்டு, தொப்பி நான்கையும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.